வெள்ளி விழாச் சேலை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீன் வெட்டிப் பழகிய கை, பேனையையும் கத்தியைப் பிடிக்கிற மாதிரித்தான் பிடிக்கிறது. வயதும் போய்விட்டது, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று சில நேரம் மாறிப்போகும். அதற்கெல்லாம் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சேலை கிடக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் மாறிப்போகவில்லை. வெங்காயத் தோல் நிறம், கரையில் வெள்ளிச் சரிகை. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுத் துவைத்தும், தேசிக்காய்ப் புளியில் ஊற வைத்தும், மடிப்புக்குள் இருந்து ஒரு நாற்றம் வரும். மற்ற உடுப்புகளெல்லாம் அதற்குப் பயந்து ஒதுங்கி இருப்பதுபோல இருக்கும். போன கிழமை சபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பாஸ்டர் தம்பதிகளின் முப்பதாவது கலியாண நாளுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய விசுவாசி என்றபடியால் நானும் நினைவில் இருப்பதை இரண்டு வரி எழுதித் தர வேண்டுமாம். தலையை ஆட்டினேன். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அவர்கள் போன பிறகு அலுமாரியைத் திறந்தேன். முகத்தில் அடித்தது. ஓங்காளித்துக்கொண்டு வந்தது. நினைவில் இருப்பது இதுதான். மலரில் இதைப் போடமாட்டார்கள், வேறு யாராவது படியுங்கள்.

எங்கள் ஊர் கற்பிட்டிப் பக்கம். ஒரு புறம் கடல், மறுபுறம் களப்பு, நடுவே மணல். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் கருவாடு போடுவோம். மீனைப் பிளந்து, குடல் எடுத்து, உப்பில் ஊறவைத்து, கம்பு நட்டுக் கட்டிய தட்டிகளில் காயப்போடுகிற இடத்துக்கு வாடி என்று பெயர். பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் யுத்தம் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த கையோடு எங்கள் ஊருக்கு வந்தார்கள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு வேதாகமம், முகாமில் கொடுத்த ஒரு தகரக் கோப்பை. அவர்களுக்கு முதன்முதலில் ஜெபம் பண்ண இடம் கொடுத்தது எங்கள் வாடிதான். தட்டிகளுக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டு, எங்கள் தென்னோலைக் கிடுகை மேலே போட்டு, அதற்குள் பாடினார்கள். நாங்கள் மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டோம். பிறகு உள்ளே போய் இருந்தோம். அப்படித்தான் சபை வந்தது. எங்கள் கைகளில் மீன் செதில் ஒட்டியிருக்கும். அந்தக் கைகளின் மேல்தான் பாஸ்டர் தன் கையை வைத்து ஜெபித்தார்.

பாஸ்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவ அப்போது ஒட்டி உலர்ந்துபோய் இருந்தா. பகலில் எங்களோடு வந்து குந்துவா. கேட்காமலே கத்தியை எடுப்பா. வன்னியில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, மீன் வெட்டத் தெரியாது, விரலை வெட்டிக்கொண்டு சிரிப்பா. தன்னுடைய கலியாணக் கதையை அங்கேதான் சொன்னா. இடம்பெயர்ந்து போய் இருந்த ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் மோதிரம் மாற்றினார்களாம். சேலை பக்கத்துக் குடும்பத்திடம் இரவல். விருந்துக்கு இருந்தது கஞ்சியும், யாரோ கொண்டுவந்த ஒரு கட்டா மீன் கருவாடும். அதைச் சுட்டு, பிய்த்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு நார் கொடுத்தார்களாம். பாதியில் செல் அடி தொடங்கிக் குண்டு விழ, மாப்பிள்ளை ஒரு பக்கம் பொம்பிளை ஒரு பக்கம் ஓடினதாம். "என்ட கலியாணத்துக்குச் சாட்சி அந்தக் கருவாடுதான், அது மட்டும்தான் ஓடாமக் கிடந்தது" என்று சொல்லுவா. வாடியே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு நாள் கொழும்பிலிருந்து வந்த ஒரு வான் எங்கள் வாடிக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே இருந்த பெண்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றினா. எங்களுக்கு அது பழக்கம், தலையைக் குனிந்துகொண்டோம். பாஸ்டரம்மா குனியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வானுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னா: "மணக்கிறது மீன் இல்ல, எங்கட சோறு." அந்தச் சொல்லுக்காகவே நான் அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

காலம் மாறியது. கடற்கரையில் வெளிநாட்டுக்காரர் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வந்தார்கள். அவர்களுக்காக விடுதிகள் வந்தன. விடுதிக்காரர் கயிறு கட்டினார்கள், வேலி போட்டார்கள். நாங்கள் மீன் காயப்போட்ட மணல் ஒவ்வொரு துண்டாகப் போய், கடைசியில் சபையைச் சுற்றி இருந்த வெளி மட்டும் மிஞ்சியது. சபையும் வளர்ந்தது. கிடுகு போய்த் தகரம் வந்தது, தகரம் போய் ஓடு வந்தது. பாஸ்டருக்கு வெளியூர்களில் கூட்டங்கள். வெள்ளைச் சப்பாத்து போடத் தொடங்கினார். பாஸ்டரம்மா சதை வைத்தா, வடிவானா. அதில் எனக்குப் பொறாமை இல்லை, பட்டினி கிடந்த உடம்பு நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வாடிக்கு வருவது குறைந்தது. வந்தாலும் குந்தமாட்டா, கதிரை கேட்பா. அதையும் நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. முழங்கால் வருத்தம் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

பிறகு அந்த இருபத்தைந்தாவது கலியாண நாள் வந்தது. வெள்ளி விழா என்றார்கள். கொழும்பிலிருந்து ஊழியர்கள், வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய போதகர், எல்லாரும் வருகிறார்கள் என்று அறிவித்தார்கள். சபைப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் வர வேண்டும் என்று ஆளுக்கொரு சேலை கொடுத்தார்கள். வெங்காயத் தோல் நிறம். அதை என் மடியில் வைத்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்படி வழுவழுப்பான துணி என் உடம்பில் பட்டதில்லை. சேலை கொடுத்த அதே ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். விருந்தாளிகள் வருகிற இடத்தில் கருவாட்டுத் தட்டி நிற்கக் கூடாது. வெளியைத் துப்புரவாக்கித் தர வேண்டும். வான்கள் நிற்க இடம் வேண்டும். கர்த்தருக்காக ஒரு நாள் பொறுக்கமாட்டீர்களா என்று கேட்டார். எல்லாரும் பொறுப்போம் என்றோம்.

என் மருமகளுக்குத்தான் முகம் கறுத்தது. தட்டியில் கிடந்தது கச்சான் காற்று தொடங்குவதற்கு முன் எங்கள் வீட்டுத் தோணிக்குப் பட்ட கடைசி மீன். கச்சான் தொடங்கினால் கடல் எழும்பிவிடும், மாதக்கணக்கில் தோணி இறங்காது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது இந்தக் கருவாட்டில்தான். தின்னவும் அதுதான், விற்று அரிசி வாங்கவும் அதுதான். மீனோ உப்பிலிருந்து எடுத்து ஒரே ஒரு வெயில் மட்டும் கண்டிருந்தது. பாதி காய்ந்த மீனைச் சாக்கில் போட்டால் என்ன ஆகும் என்று மீன் தொட்ட எவருக்கும் தெரியும். வீட்டு முற்றத்தில் போட இடமில்லை. நாய், பூனை, காகம், போதாததற்கு மழை முகம் வேறு. மருமகள் பாஸ்டரம்மாவிடம் போனாள். நானும் கூடப் போய்ப் பின்னால் நின்றேன். பாஸ்டரம்மா கொஞ்சம் யோசித்தா. சபைக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டு, அதற்குள் மீன் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை அடித்து மேடை கட்டியிருந்தார்கள். அதைக் காட்டி, "மேடைக்குக் கீழ வையுங்க தங்கச்சி. மழை படாது, துணி கட்டி மறைக்கப் போறாங்க, ஒருத்தருக்கும் தெரியா. முடிஞ்ச உடன எடுத்துக் காயப்போடுங்க" என்றா. நல்ல மனதோடுதான் சொன்னா. அந்த நேரத்தில் அவ கண்ணில் பழைய ஆள் ஒருக்கால் எட்டிப் பார்த்தமாதிரி எனக்கு இருந்தது. மருமகள் சாக்குகளை உள்ளே தள்ளினாள். எல்லாவற்றிலும் பெரிய கட்டா ஒன்றைத் தனியாக வாழைச்சருகில் சுற்றி வைத்தாள். அது பாஸ்டரம்மாவுக்கு, கலியாண நாள் பரிசு.

அடுத்த நாள் நடக்க வேண்டிய விழா நடக்கவில்லை. வெளிநாட்டுப் போதகரின் விமானம் பிந்திவிட்டது, அவர் வரும்வரை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டார்கள். மேடைக்கு மேலே கம்பளம் விரித்து ஆணி அடித்தாயிற்று. சுற்றிவரப் பளபளக்கிற வெள்ளைத் துணி இழுத்துக் கட்டி, பூ குத்தியாயிற்று. மருமகள் திரும்பவும் பாஸ்டரம்மாவிடம் போய், ஒரு பக்கத்துத் துணியை மட்டும் கழற்றினால் இழுத்து எடுத்துவிடலாம் என்று கெஞ்சினாள். "இப்ப அவரிட்டக் கேக்கேலாது, சரியான கோபத்தில இருக்கிறார். பொறுங்க தங்கச்சி" என்று அவ அனுப்பிவிட்டா. பொறுத்தாள். தகரப் பந்தலுக்குக் கீழே அந்த வெக்கையில் மீனும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தது. மருமகள் அந்த நாட்களில் சோறு தின்னவில்லை. காற்று மாறும்போதெல்லாம் மூக்கைத் தூக்கிப் பார்ப்பாள்.

விழா நாள் மத்தியானம் கூட்டம் நிறைந்தது. மேடையில் ராசா ராணி கதிரைகள் இரண்டு, சிவப்பு மெத்தை போட்டது, வாடகைக்கு எடுத்தது. பாஸ்டர் கோட்டுப் போட்டு, பாஸ்டரம்மா மணப்பெண்போல வெள்ளை உடுத்து, கழுத்தில் மாலையோடு இருந்தார்கள். முன்னால் மேசையில் அடுக்கடுக்காகக் கேக். பாஸ்டர் தன் கலியாணத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார். விறாந்தை வந்தது, இரவல் சேலை வந்தது, செல் அடி வந்தது. கருவாடு வரவில்லை. விருந்துக்குக் கஞ்சி மட்டும் இருந்தது என்றார். நான் பாஸ்டரம்மாவைப் பார்த்தேன், அவ தன் வளையலைப் பார்த்தா. அப்போதே நாற்றம் தொடங்கிவிட்டது. முதலில் ஒரு இலையான் பறந்து வந்து கேக்கில் இருந்தது. யாரோ விசிறினார்கள். பிறகு நாலு, பிறகு எண்ணிக்கை இல்லை. வெள்ளை ஐசிங் கறுத்துப்போனது. முன்வரிசைக் கொழும்புப் பெண்கள் கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார்கள். ஒருவர் சென்ட் போத்தலை எடுத்துப் புசுக் புசுக் என்று அடித்தார். அந்த மணமும் இந்த மணமும் கலந்து தொண்டைக்குள் இறங்கியது. இன்றைக்கும் சென்ட் மணந்தால் எனக்குச் சத்தி வரும். வெளிநாட்டுப் போதகருக்கு எங்கள் ஊர் மணம் எப்படித் தெரியும்? இந்த இடத்தில் அசுத்த ஆவி ஒன்று இருக்கிறது என்று சொல்லி, எல்லாரையும் எழும்பிக் கையை உயர்த்தச் சொன்னார். மொழிபெயர்த்தவர் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் கத்தினார். எங்கள் மீனை நோக்கி அத்தனை பேரும் கையை நீட்டி, போ போ என்று விரட்டினார்கள். வாடிப் பெண்களான எங்களுக்குத் தெரியும் அது என்னவென்று. நாங்களும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

ஆவி போகவில்லை. மேடைத் துணிக்குக் கீழே இருந்து மஞ்சள் தண்ணீர் ஒன்று கசிந்து, மெல்ல வழிந்து, பாஸ்டரின் நண்பர் ஒருவருடைய சப்பாத்தைத் தொட்டது. பாஸ்டர் இறங்கி வந்து துணியைத் தூக்கினார். சாக்குகள். மைக் கையில் இருந்தபடியே கேட்டார், இதை யார் இங்கே வைத்தது என்று. மருமகள் எழும்பினாள். அவளுக்கு ஒளிக்கத் தெரியாது, ஒளிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தாள். "பாஸ்டரம்மாட்டக் கேட்டுத்தான் வச்சம்" என்றாள். முழுச் சபையும் மேடையைப் பார்த்தது. பாஸ்டரும் திரும்பிப் பார்த்தார். பாஸ்டரம்மா மாலையைச் சரி பண்ணினா. பிறகு சொன்னா:

"எனக்குத் தெரியா. நான் அப்பிடி ஒண்டும் சொல்லல்ல."

வேதத்தில் வருகிற மாதிரிச் சேவல் கூவவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்டர் சிரித்தார். கோபித்திருந்தாலும் நான் மறந்திருப்பேன், அவர் சிரித்தார். விருந்தாளிகளின் பக்கம் திரும்பி, மைக்கில் சொன்னார்: "நாங்க இவங்களுக்குச் சேலைய மாத்திக் குடுத்தம். வாடைய மாத்திக் குடுக்கேலாமப் போச்சு." கொழும்பு ஆட்கள் சிரித்தார்கள். மொழிபெயர்த்தவர் சிங்களத்தில் சொன்னார், மிச்ச ஆட்களும் சிரித்தார்கள். எங்கள் ஊர் ஆண்கள் சிலரும் சிரித்தார்கள். மருமகள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய சேலை, என்னுடைய சேலை, சுற்றி இருந்த அத்தனை பெண்களுடைய சேலை, எல்லாம் ஒரே நிறம். அந்த நிறம் எனக்கு அப்போது உரித்த தோல் மாதிரித் தெரிந்தது. எனக்குள் எழும்பினது கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை. குடல் எடுக்காமல் விட்டு அழுகின மீனைக் கையில் எடுத்தால் வருமே ஒரு அருவருப்பு, அதுதான்.

நான் கூட்டத்தில் வாய் திறக்காதவள். சாட்சி சொல்லச் சொன்னாலும் தோத்திரம் என்று மட்டும் சொல்லி இருந்துவிடுவேன். அன்றைக்கு எழும்பிப் போய்க் குனிந்து ஒரு சாக்கை இழுத்தேன். தலையில் வைத்தேன். மருமகள் அடுத்ததை எடுத்தாள். பந்தலின் பக்கவாட்டு வாசலைச் சாப்பாட்டு மேசை மறைத்து நின்றது, ஆகவே நடுவால் நடந்தோம். மணவாளனும் மணவாட்டியும் நடக்கவென்று சிவப்புத் துணி விரித்த நடைபாதை அது. சாக்கிலிருந்து ஊற்றின தண்ணீர் என் கழுத்தாலும் முதுகாலும் இறங்கிப் புதுச்சேலையில் ஊறியது. புழுவும் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கதிரையோடு விலகினார்கள். திரும்பவும் போனோம், மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு அதே வழியாலேயே வந்தோம். கடற்கரையில் கிடங்கு வெட்டிக் கொட்டினோம். வாழைச்சருகு அவிழ்ந்து அந்தப் பெரிய கட்டாவும் விழுந்தது. பரிசு என்று அதற்கு மட்டும் உப்பை அள்ளிப் போட்டுச் சுற்றியிருந்தது, அது ஒன்றுதான் கெடவில்லை. மருமகள் அதையும் கிடங்குக்குள் காலால் தள்ளினாள். பந்தலுக்குள் சவுண்ட் பொக்ஸ் திரும்பவும் பாடத் தொடங்கியது. பிறகு யாரோ ஒரு பெண் புரியாணிப் பொதி கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனா. நாய் தின்றது.

அந்தக் கச்சான் மாதங்களை எப்படிக் கழித்தோம் என்று விரிக்கப் போவதில்லை. முருங்கையிலை இருந்தது, தேங்காய் இருந்தது. மருமகள் விடுதியொன்றில் படுக்கைத் துணி துவைக்கப் போனாள். சபையிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. கடல் அடங்கி, திரும்ப மீன் பட்டு, நாங்கள் தட்டி போட்ட பிறகு ஒரு நாள் பாஸ்டரம்மா வந்தா. கையில் ஒரு பை. அதற்குள் அதே நிறத்தில், அதே சரிகையோடு ஒரு புதுச் சேலை. "உங்கட சேலை பழுதாப்போச்சுதே அம்மா" என்றா. வேறொன்றும் பழுதாகவில்லை என்பதுபோல. நான் கதிரையைத் துடைத்துப் போட்டு, கோப்பையில் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். அவ கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னா, "அண்டைக்கு எத்தின பேர் பாத்துக்கொண்டு இருந்தாங்க. நான் வேற என்னத்தச் சொல்ல?" அழுதா என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இரக்கம் வந்திருக்கும். ஆனால் கண்ணைத் துடைக்க எடுத்த சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோகிற வழியில் மூக்கில் வைத்தா. வைத்தது அப்படியே இருந்தது, எடுக்கவில்லை. தட்டியில் எங்கள் மீன் காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. "பாஸ்டரம்மா," என்றேன், "மணக்கிறது எங்கட சோறு."

அவ கோப்பையைக் கீழே வைத்தா. பாதிப் பிளேன்டி அப்படியே இருந்தது. போய்விட்டா. அந்தப் புதுச் சேலையை மருமகள் அடுத்த நாளே தட்டியின் மேல் விரித்துக் கட்டினாள், இலையான் மொய்க்காமல் இருக்க. நல்ல துணி, வெயிலை விடும், இலையானை விடாது. அவளுடைய சேலையையும் பிறகு அதற்கே எடுத்துவிட்டாள். சபைக்குப் போகிறவர்களுக்கு வழியில் அது தெரியும். பாஸ்டரம்மா இப்போது மற்ற வழியால் போவதாகக் கேள்வி.

நான் உடுத்த சேலையை மட்டும் தட்டியில் போட விடவில்லை. இந்த முறை முப்பதாவது கலியாண நாளுக்குப் பச்சை நிறமாம். எனக்கும் ஒன்று வந்திருக்கிறது, பிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் மருமகளிடம் சொல்லி வைத்தேன். நான் செத்தால் வெள்ளை வேண்டாம், பச்சையும் வேண்டாம், அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கிறதை எடுத்து உடுத்திவிடு, துவைக்காதே என்று. "செத்த பிறகும் கோபமா மாமி?" என்று கேட்டாள். கோபம் என்றால் இதற்குள் ஆறியிருக்கும் மகள் என்றேன். பாஸ்டர் என் பெட்டியின் தலைமாட்டில் நின்று ஜெபிக்க வேண்டும், பாஸ்டரம்மா பக்கத்தில் நின்று பாட வேண்டும். எங்கள் சபையில் அடக்க ஆராதனை நீளமானது.

அன்றைக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதினது சரியா என்று ஒருக்கால் பாருங்கள். கேக் எத்தனை அடுக்கு, போதகர் எந்த நாட்டுக்காரர், கம்பளம் என்ன நிறம் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. பிழை என்றால் திருத்திவிடுங்கள். பாஸ்டரம்மா சொன்னதை மட்டும் திருத்த வேண்டாம். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.